கரடி வரும் பக்கம்

என் தங்கை படம் வரைகிற குழந்தைப் புத்தகங்களில் வரும் பெரிய கரடி நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மூஞ்சி மட்டும்தான் கரடியுடையது. தொப்பை, சரிந்த தோள், ஒரே காலில் மொத்த பாரத்தையும் போட்டுக்கொண்டு நிற்கிற கோணல் எல்லாம் என் சொத்து.

படம் வரைகிறவர்கள் கண்ணை மூடி யோசிப்பார்கள், உடனே கையில் வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் சும்மா. யாராவது ஒருத்தர் நிற்க வேண்டும். கரடி மீன் பிடிக்கிற பக்கத்துக்காகத் தரை துடைக்கிற மாப்பைத் தூண்டிலாகப் பிடித்துக்கொண்டு கட்டில் மேல் நின்றிருக்கிறேன். ஓடையைத் தாண்டுகிற பக்கத்துக்காக ஸ்டூல் மேல் ஒற்றைக் காலில் நின்றதை எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் வெகுநாள் அவர் என்னிடம் சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிதானமாகத்தான் பேசினார்.

குட்டிக் கரடிக்கு மட்டும் ஆள் தேவையில்லை. அது அவளேதான். மேசை ஓரத்தில் ஒரு கைக்கண்ணாடியை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள், கண்ணை உருட்டுவாள், ஓவென்று அழுவாள். பார்த்து வரைந்துகொண்டே மறுபடி அழுவாள். நாற்பதை எட்டப்போகிற பெண்பிள்ளை இப்படிச் செய்வதைப் புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

நான் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் போய், பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவேன். மதியத்துக்கு மேல் மறுபடி போய் வருவேன். எப்போது கதவைத் திறந்தாலும் குனிந்த தலை நிமிராமல் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கதவைச் சாத்து, பேப்பர் பறக்குது." அம்மா அப்பா போனபிறகு நாங்கள் இரண்டே பேர்தான் வீட்டில். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான். நானும் சாத்திவிட்டு டீ போடப் போய்விடுவேன். அவளுக்கும் சேர்த்துத்தான் போடுவேன். ஒரு தடவை டம்ளர் மாறிப் பிரஷ் கழுவிய தண்ணீரை நான் குடித்ததும் உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எனக்குப் பல்வலி வந்தது.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவளை அப்படித்தான் சந்தித்தேன். கன்னம் வீங்கிப் பாதி முகம் மறைந்திருந்த நேரம். அவள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆம்பளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாளாம். வீக்கம் வடிந்து என் உண்மையான வாய் வெளியே வந்தபோது காலம் கடந்துவிட்டது, பாவம். அவளும் தனியாகவே இருந்து பழகியவள். இரண்டு பேருக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்ததால் வீணாகச் சுற்றி வளைக்கவில்லை. அவளுடைய ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஊரில் ஒரு கிளை திறந்து அவளை அங்கே மாற்றினார்கள். ஒரு பகல் பூரா பஸ்ஸில் போக வேண்டிய தூரம். அதே ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் கேட்டார்கள். எழுதிப் போட்டேன், வா என்றார்கள். போய்ச் சேர்ந்ததும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேசி வைத்தோம்.

தங்கையிடம் சொன்னேன். அவள் ஹேர் டிரையரால் ஒரு ஆகாயத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நல்லது அண்ணா," என்றாள். தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே, "நீ குறட்டை விடுறது அவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க என்ன அவங்க? அண்ணின்னு கூப்பிடேன்."

"இன்னும் ஆகலையே."

அதற்கப்புறமும் 'அவங்க'தான். அவங்க ஃபோன் பண்ணாங்களா, அவங்க ஊர்ல தண்ணி நல்லா இருக்குமா. குத்தலாகச் சொல்ல மாட்டாள், சாதாரணமாகத்தான் சொல்வாள். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

ஒன்று மட்டும் கேட்டாள். "இந்தப் புத்தகம் முடியற வரைக்கும் இரு அண்ணா. கடைசிப் பக்கம் ஒண்ணுதான் பாக்கி. உன்ன விட்டா எனக்கு வேற கரடி இல்ல."

ஒரு பக்கம்தானே! வாக்குக் கொடுத்துவிட்டேன். வேனை வேறு ஆளிடம் ஒப்படைத்தேன். பெட்டியைக் கட்டி வாசற்கதவு பக்கத்தில் வைத்தேன்.

அந்தப் புத்தகத்தின் கதை பெரிய சிக்கல் இல்லை. பெரிய கரடி எங்கேயோ போகிறது, குட்டிக் கரடி தனியாக இருந்து சமாளிக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு எழுத்தாளர் கொடுத்திருந்தது இவ்வளவுதான்: 'கதவு திறந்தது. "வந்துட்டியா!" என்றது குட்டிக் கரடி.' இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். இடது பக்கம் மேசையில் குட்டி, வலது பக்கம் கதவில் பெரியது. நடுவில் புத்தகம் மடிகிற இடத்தில் யார் மூக்கும் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது, அது ஒரு கவலை. கூட இருந்தே இதெல்லாம் எனக்கும் அத்துப்படி.

"பெட்டியோட வெளிய போயிட்டு உள்ள வா," என்றாள். போய்விட்டு வந்தேன்.

"இன்னும் மெதுவா." மெதுவாக வந்தேன்.

"களைச்சுப் போய் வர்ற மாதிரி." பெட்டியே கனம்தான், களைப்பு தானாக வந்தது.

வரைந்தாள். அழித்தாள். மறுநாள் தோள் சரியில்லை என்றாள். அதற்கு மறுநாள் கை. பிறகு கதவே கோணல் என்று கதவையும் சேர்த்து அழித்தாள். தாள் மேல் தாளாக எடுத்தாள். ரப்பர் துகள் பாயில், படுக்கையில், என் காலரில் எல்லாம் ஒட்டியது. காலையில் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வேன், சாயங்காலம் துவைத்து மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைப்பேன். சொந்த வீட்டில் லாட்ஜில் தங்கியிருப்பது போல் தங்கியிருந்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொழுது விடிந்தால் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை இது. வேன் நேரத்துக்குச் சரியாக விழிப்பு வந்துவிடும், போவதற்கு இடம் இருக்காது. அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். ஜன்னலைத் திறந்தேன், பேப்பர் பறக்குது என்றாள், மூடினேன். குழாயில் சொட்டுகிறதா என்று பார்த்தேன். சொட்டவில்லை. சொட்டினாலாவது பழுது பார்க்கலாமே என்று கோபம் வந்தது. இப்படித் தவிக்கிறவனைக் கூப்பிட்டு அவள் சொல்வாள்: "அசையாம நில்லு." எந்தச் சிக்னலிலும் நான் அவ்வளவு நேரம் பொறுத்து நின்றதில்லை.

ஒரு நாள் பெட்டியோடு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன், அவள் உள்ளே இருந்து கூப்பிடுவதற்காக. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்தார்.

"ஊருக்குப் போகலையாப்பா?"

"போயிட்டு வந்துட்டேங்க," என்று சொல்லி உள்ளே போனேன். வேறு என்ன சொல்ல?

பல் ஆஸ்பத்திரிக்காரி முதலில் சிரித்தாள். "என்ன, கரடி இன்னும் வீடு வந்து சேரலையா?" என்பாள் ஃபோனில். அப்புறம் சிரிப்பது குறைந்தது. ஆம்புலன்ஸ் ஆபீஸ்காரர்களிடம் இரண்டு தடவை எனக்காகப் பேசித் தேதியைத் தள்ளி வாங்கியிருந்தாள். மூன்றாவது தடவை கேட்க முடியாது என்றாள். அவள் குரலை உயர்த்துகிற ரகம் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"வர்றேன்னா வர்றேன்னு சொல்லுங்க. வரலைன்னா அதையும் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். ரெண்டுக்கும் நடுவுல நிக்காதீங்க. என்னால அதத்தான் தாங்க முடியல."

வைத்துவிட்டாள். நான் ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தேன். இந்த வயதில் ஒருத்தி எனக்காகக் காத்திருக்கிறாள், நான் ரப்பர் துகளைத் தட்டிக்கொண்டு வீட்டில் நிற்கிறேன். இவளும் போய்விட்டால் எனக்கு இன்னொரு பல்வலி வரப்போவதில்லை.

மறுநாள் பதிப்பகத்திலிருந்து எடிட்டரே நேரில் வந்தார். மெல்லிசான குரல். அச்சகத்தில் இடம் பிடித்து வைத்துக் காத்திருப்பவருக்கு எரிச்சல் வராதா? ஆனாலும் கோபத்தைக் காட்டாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். தங்கை கடைசிப் பக்கத்தின் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பினாள். அறை முழுக்க நான் கதவைத் திறந்து வந்துகொண்டிருந்தேன்.

அவர் மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பெரிய கரடி முதல் படத்துலயே சரியா இருக்கே மேடம்," என்றார். "எல்லாத்துலயும் சரியாத்தான் இருக்கு. எதுக்கு இத்தன தடவ அழிச்சீங்க?"

"அப்ப எது சார் சரியில்ல?"

"குட்டிதான். வாய் சிரிக்குது, ஆனா கண்ணப் பாருங்க. கரடியப் பாக்கவே இல்ல, பெட்டியப் பாக்குது." அவர் விரலை இன்னொரு தாளுக்கு நகர்த்தினார். "இதுலயும் பெட்டி. இதுலயும். வந்தவரப் பாக்கற முகம் இல்லைங்க இது. கிளம்பறவரப் பாக்கற முகம்."

நானும் குனிந்து பார்த்தேன். ஆமாம். ஒரு தாளில் கூடக் குட்டியின் கண் என் மேல் இல்லை. என் தோளையும் கையையும் கதவையும் தினம் தினம் அழித்தவள் அந்தக் குட்டியின் முகத்தில் ரப்பரை வைக்கவே இல்லை. தங்கையின் முகம் சுண்டிப்போனது. இந்த வார முடிவுக்குள் வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் புத்தகம் அச்சுக்குப் போவது அடுத்த பருவத்தில்தான் என்று சொல்லி எடிட்டர் டீ கூடக் குடிக்காமல் போனார்.

கதவு சாத்தியதும் நான் ஆரம்பித்தேன்.

"நீ வேணும்னே பண்றியா?"

"சத்தியமா இல்ல அண்ணா. கண்ணாடியப் பாத்துத்தான் வரைஞ்சேன். முகம் அப்படித்தான் வருது."

"அப்ப நல்லா சிரிச்சு வரை. என்ன பெரிய கம்ப சூத்திரமா?"

கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். பற்பசை டப்பாவில் போட்டிருக்கிற சிரிப்பு. எனக்கே பயமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைப் படாரென்று திறந்தேன். "இந்தா வந்துட்டேன், பாரு! வந்துட்டேன்! கண்ணு எங்க போகுது? இங்க பாரு!"

"கத்தாத. நீ எங்க போன, வர்றதுக்கு?" அவளும் கத்தினாள். "படிக்கட்டு வரைக்கும் போயிட்டு வர்ற. நான் அதுக்கு என்னன்னு சந்தோஷப்படுறது?"

"நீ போக விட்டாத்தானடி நான் வர முடியும்?"

சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, ஆத்திரத்தில் வாயில் வந்தது. தரையெல்லாம் கரடி. மிதிக்காமல் நிற்பதற்குக்கூட இடம் இல்லை. அவள் ஒரு தாளை எடுத்தாள், தூசி தட்டினாள், மறுபடி கீழே வைத்தாள்.

"வாக்குக் குடுத்த," என்றாள்.

"குடுத்தேன். மீறுறேன். திட்டிக்கோ."

பெட்டி ஏற்கனவே கையில்தான் இருந்தது. "போயிட்டு வரேன்" என்றேன். அவள் 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை. ரப்பரை எடுத்து வீசினாள். முதுகில் பட்டு விழுந்தது. கதவைச் சாத்தாமல் படியிறங்கினேன். அவளே சாத்திக்கொள்ளட்டும் என்ற வீம்புதான். கடைசிப் படி வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு இறங்கினேன், கதவு சாத்துகிற சத்தம் கேட்கவே இல்லை.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிவிட்டதால் பரவாயில்லை.

புது ஊரில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். தங்கையை ஃபோனில் கூப்பிட்டிருந்தேன். வேலை இருக்கு அண்ணா என்றாள். சந்தோஷமா இரு என்றாள். புத்தகம் என்ன ஆயிற்று என்றதற்கு, அடுத்த பருவத்துக்குத் தள்ளிட்டாங்க என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று என் பக்கம் நின்ற ஒரே ஆள் ஆம்புலன்ஸ் ஆபீஸ் காவலாளி.

முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தேன். "வந்துட்டீங்களா?" என்றாள் என் மனைவி, சாதாரணமாக, வெங்காயம் உரித்துக்கொண்டே. நான் அப்படியே நின்றுவிட்டேன். என்ன ஆச்சு என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டுப் பழக்கமில்லை என்று எப்படிச் சொல்வது? இங்கே கதவைத் திறந்து போட்டாலும் எதுவும் பறக்காது. திறந்தே போட்டேன். அதுவும் நன்றாக இல்லை.

அங்கே இருந்தபோது இங்கே வரத் துடித்த கால், இங்கே வந்ததும் அங்கே திரும்பிப் பார்த்தது. ஓய்வு நாளில் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். குழாயைப் பார்த்தேன். இங்கே நிஜமாகவே சொட்டியது, சரி செய்தேன், மறுபடி நடந்தேன். என் மனைவி எவ்வளவு நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"ரெண்டு நாள் லீவு போடுங்க," என்றாள் ஒரு நாள். "உங்க தங்கச்சியப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

"சொல்லாம போனா கோபப்படுவா."

"சொன்னாலும் கோபம்தான்னு நீங்கதான சொன்னீங்க?"

போனோம். அதே பெட்டி, இந்தத் தடவை இரண்டு பேருடைய துணியும் அடைத்து இன்னும் கனம். என் மனைவிக்குப் படியேற மூச்சு வாங்கும், நீங்க முன்னால போங்க என்று பாதிப் படியில் நின்றுவிட்டாள். எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் இருந்தார். என்னையும் பெட்டியையும் பார்த்து, ஐயோ பாவம் இன்னும் தெளியவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

சாவி என்னிடம் இருந்தது. தட்டவில்லை, திறந்தேன்.

தங்கை சமையல்கட்டிலிருந்து டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவள் செய்த முகம் அத்தனையும் எனக்குத் தெரியும். அழுகிற முகம், பயந்த முகம், தேன் தின்ற முகம். இது அதில் எதுவும் இல்லை. புருவம் மேலே போய்விட்டது. வாய் ஏதோ சொல்லத் திறந்து, சொல்லாமல் அப்படியே நின்றது. கண் பெட்டிப் பக்கம் போகவே இல்லை. எனக்காக யாரும் அப்படி ஒரு முகத்தை வைத்து நான் பார்த்ததில்லை.

வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கன்னத்தையும் கையால் பிடித்துக்கொண்டாள். நிறைகுடத்தைத் தளும்பாமல் கொண்டுபோவது போல் அந்த முகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு மேசைக்கு ஓடினாள். கண்ணாடியைப் பார்த்தாள். பென்சிலை எடுத்தாள். என்ன, ஏது, எப்போ வந்தாய், ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தபடி சரசரவென்று வரைந்தாள். கன்னத்தில் ஓடிய தண்ணீர் தாளில் விழாமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டாளே தவிர, அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் முகம் மாறிவிடும் அல்லவா?

"கதவைச் சாத்து," என்றாள் திரும்பாமல். "பேப்பர் பறக்குது."

பழக்கதோஷம். சாத்தினேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல் டீ போட சமையல்கட்டுப் பக்கம் திரும்பியும் விட்டேன்.

கதவு தட்டும் சத்தமும், மூச்சு வாங்கிக்கொண்டே "என்னங்க" என்று கூப்பிடும் குரலும் கேட்டன.

"கரடி, கரடி," என்றாள் தங்கை, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், பென்சில் ஓடிக்கொண்டிருக்க. "அண்ணிய வெளிய வச்சுச் சாத்திட்டியே. போய்த் தெற."

திறந்தேன். காற்று மொத்தமாக உள்ளே வந்தது. அலமாரி மேல் அடுக்கி வைத்திருந்த பழைய தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. என் மனைவி குனிந்து ஒன்றைப் பிடித்தாள். தங்கை கதவைச் சாத்தச் சொல்லவில்லை, வரைந்துகொண்டே இருந்தாள்.